ஏரிக்கு மேலே வளையும் தட்டு

ஏரிக்கரையில் நிற்கும் ஆட்டக்காரர் இலக்கைப் பார்த்து எறிவதில்லை. இலக்குக்கு வலப்புறம், தண்ணீருக்கு மேலே, ஒன்றுமே இல்லாத வெளியைப் பார்த்து எறிகிறார். கையை விட்டுக் கிளம்பிய தட்டு ஏரிப் பக்கமாகப் போகிறது; இன்னும் கொஞ்சம் வலப்புறம் சாய்கிறது; தண்ணீருக்குள்தான் விழப்போகிறது என்று பார்ப்பவர்கள் முடிவு கட்டும் நேரத்தில் நிமிர்ந்து நேராக ஓடுகிறது. வேகம் தளர்ந்ததும் இடப்பக்கம் வளைந்து, கரைக்குத் திரும்பி, இலக்கான கூடைக்கு அருகே புல்லில் இறங்குகிறது. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. போகும் வழியில் யாரும் அதைத் தொடவில்லை. திசையை மாற்றியது காற்று மட்டுமே.

இந்தக் காட்சியைக் காண உகந்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ராக் ஹில் நகரில் உள்ள வின்த்ராப் பல்கலைக்கழகம். 1886இல் தொடங்கிய பழைய கல்வி நிறுவனம். அதன் விளையாட்டு வளாகத்தில் ஓர் ஏரி இருக்கிறது. ஏரியைச் சுற்றிப் புல்வெளி, மென்மையான சரிவுகள், ஆங்காங்கே மரக்கூட்டங்கள். 1999இல் பிறந்த அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் போட்டி இங்கேதான் வேர்விட்டு வளர்ந்தது. அக்டோபர் மாதம் உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் இங்கு கூடுவார்கள். போட்டி நாட்களில் தரையில் மஞ்சள் கயிறு விரித்து எல்லை வகுக்கிறார்கள். கயிற்றைத் தாண்டித் தட்டு விழுந்தால் கணக்கில் ஓர் எறி தண்டமாகச் சேரும்.

ஆட்டத்தின் விதி கோல்ஃபுடையதுதான். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகப் பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. தட்டு எங்கே விழுந்ததோ அங்கிருந்துதான் அடுத்த எறி. 18 கூடைகளையும் மிகக் குறைந்த எறிகளில் முடிப்பவர் வெல்வார். வின்த்ராப் போட்டி மைதானத்தில் முதல் கூடையிலிருந்து கடைசிக் கூடை வரை ஏறக்குறைய 3 கி.மீ. நீளம்.

அந்த மைதானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் அதன் அழகைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த அழகு இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். அங்குள்ள ஏரியும் சரிவும் மரமும் தமக்கு மேலே போகும் காற்றை ஏதோ ஒரு விதத்தில் மாற்றுகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. தட்டு அதைக் காட்டிவிடுகிறது. அதனால் அந்தத் தட்டு எப்படிப் பறக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஏரியும் மரமும் வேறு விதமாகத் தெரியத் தொடங்கும்.

டிஸ்க் கோல்ஃப் தட்டின் விட்டம் சுமார் 21 செ.மீ. எடை 175 கிராமை ஒட்டி இருக்கும். விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் விதி. அந்தக் கணக்கில் கிடைப்பதுதான் இந்த எடை. சென்னைக் கடற்கரையில் அல்டிமேட் என்னும் தட்டு விளையாட்டை ஆடும் இளைஞர்கள் கையில் இருப்பதும் 175 கிராம் தட்டுதான். ஆனால் அதன் விட்டம் 27 செ.மீ. அதே எடை அகலமாகப் பரவியிருப்பதால் மெதுவாக மிதந்து வரும், ஓடிப்போய்ப் பிடிப்பவருக்கு அவகாசம் கொடுக்கும். கோல்ஃப் தட்டை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. அதன் விளிம்பு சீவப்பட்டுக் கூராக இருக்கிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு தொலைவு போக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

நல்ல ஆட்டக்காரர் எறிந்தால் தட்டு மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிளம்பும். மிகச் சிறந்தவர்கள் 110ஐயும் தாண்டுவார்கள். 100 கி.மீ. வேகத்தில் தட்டின் பரப்பின் மீது காற்று கொடுக்கக்கூடிய விசையை ஒரு தோராயக் கணக்காகப் போட்டால் 16 நியூட்டன் வருகிறது. தட்டின் எடையோ 1.7 நியூட்டன்தான். ஆக, அந்த விசையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாக மேல்நோக்கித் திரும்பினாலே போதும், தட்டு கீழே விழாது. மேற்புறம் சற்றே குவிந்திருப்பதால் தட்டு தன்னைக் கடந்து போகும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று தட்டை மேலே தள்ளுகிறது. இதுவே தூக்கு விசை.

ஆனால் இந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் 16 நியூட்டன் 4 ஆகிவிடும். எடை மட்டும் அதே 1.7. இப்போது பத்தில் நான்கு பங்குக்கு மேல் தேவைப்படுகிறது, அவ்வளவு கிடைப்பதில்லை. தட்டு இறங்கத் தொடங்குகிறது. அந்த இறக்கம்தான் கரைக்குத் திரும்பும் வளைவைத் தொடங்கிவைக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். தட்டின் நிறை மையம் சரியாக நடுவில் இருக்கிறது. தூக்கு விசை செயல்படும் புள்ளிக்கு அழுத்த மையம் என்று பெயர். அது நடுவிலேயே நிற்பதில்லை; இடம் மாறிக்கொண்டே இருக்கும். எதிரே வரும் காற்றுக்கும் தட்டின் தளத்துக்கும் இடையே உள்ள கோணம் மிகச் சிறியதாக இருக்கும்போது அழுத்த மையம் நடுவுக்குப் பின்னால் போய்விடுகிறது. தட்டின் பின்பகுதி மேலே தள்ளப்பட, முன்விளிம்பான மூக்கு கீழே இறங்கப் பார்க்கிறது. கோணம் பெரிதானால் அழுத்த மையம் முன்னால் வருகிறது. மூக்கு மேலே எழப் பார்க்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பாட்ஸ், வில்லியம் க்ரவுதர் இருவரும் ஃப்ரிஸ்பீ வடிவத் தட்டைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து இதையெல்லாம் அளந்தார்கள். அந்த வடிவத்துக்கு இரண்டு போக்குகளும் சமன்படும் கோணம் ஏறத்தாழ பத்து டிகிரி.

சுழலாத தட்டாக இருந்தால் இந்தத் திருப்பு விசை அதை அப்போதே குட்டிக்கரணம் போடவைத்துவிடும். சுழல்கிற தட்டு அப்படி நடந்துகொள்ளாது. தலையாட்டும் பம்பரத்தைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். பூமி அதைக் கீழே சாய்க்க இழுக்கிறது. பம்பரமோ விழாமல், இழுத்த திசைக்குச் செங்குத்தாக விலகி வட்டமிடுகிறது. தட்டும் அதையே செய்கிறது. மூக்கை மேலே தூக்கும் விசை அதன் மூக்கைத் தூக்குவதில்லை. தட்டைப் பக்கவாட்டில் சாய்க்கிறது. வலக்கைக்காரர் உடலுக்குக் குறுக்கே கையை இழுத்து எறியும்போது, மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். அப்போது மூக்கைக் கீழே அழுத்தும் விசை தட்டை வலப்பக்கம் சாய்க்கும். மேலே தூக்கும் விசை இடப்பக்கம் சாய்க்கும்.

இனி ஏரிக்கு மேலே நடந்ததை முழுதாகச் சொல்லிவிடலாம். தொடக்கத்தில் வேகம் அதிகம், கோணம் சிறியது. மூக்கு கீழே அழுத்தப்படுகிறது. தட்டு வலப்பக்கம் சாய்ந்து தண்ணீர் மேல் போகிறது. நடுவழியில் விசைகள் சமன்பட்டு நேராக ஓடுகிறது. வேகம் குறைந்ததும் இறங்கத் தொடங்குகிறது. இறங்கும் தட்டுக்குக் காற்று கீழிருந்து வருவதால் கோணம் பெரிதாகிறது. மூக்கு மேலே தள்ளப்படுகிறது. சுழற்சி அதை இடப்பக்கச் சாய்வாக மாற்றுகிறது. தட்டு கரைக்கு வளைகிறது. இடக்கைக்காரர் எறிந்தால் இதே பாதை கண்ணாடியில் பார்த்தது மாதிரி மறுபக்கம் வரையப்படும்.

சுழற்சி எவ்வளவு வேகமோ சாய்வு அவ்வளவு நிதானமாக நடக்கும். தேர்ந்தவர்கள் எறியும் தட்டு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. தட்டின் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு விளிம்பில் குவிந்திருப்பதால் சுழற்சி எளிதில் அடங்காது. பறக்கும்போது வேகம்தான் வெகுவாகக் குறைகிறது, சுழற்சி அந்த அளவுக்குக் குறைவதில்லை.

பல தட்டுகளின் முகத்தில் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண், அந்தத் தட்டு தன் இயல்புப்படி பறக்க எவ்வளவு வேகம் வேண்டும் என்பது. இரண்டாவது, எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. மூன்றாவது தொடக்கத்து வலச்சாய்வு, நான்காவது முடிவில் வரும் இடவளைவு. டெஸ்ட்ராயர் என்ற புகழ்பெற்ற தட்டில் 12, 5, -1, 3 என்று இருக்கும். கடையில் தட்டைப் புரட்டிப் பார்க்கும் பள்ளி மாணவர் அந்த மூன்றாம் நான்காம் எண்களைப் பேசும்போது, அழுத்த மையம் எப்போது பின்னால் இருக்கும், எப்போது முன்னால் வரும் என்பதைத்தான் பேசுகிறார். பெயர் தெரியாமலேயே இயற்பியல் இப்படிக் கைக்கு வந்துசேர்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. வால்டர் ஃப்ரெட் மாரிசன் உருவாக்கிய பறக்கும் தட்டை வாம்-ஓ நிறுவனம் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக், தட்டின் மேற்புறத்தில் மெல்லிய வளையக் கோடுகளைச் சேர்த்து அதன் பறத்தலைச் சீராக்கினார். 1967இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை அமைத்தவரும் அவரே. தொடக்கத்தில் இலக்கு வெறும் கம்பம்தான். தட்டு கம்பத்தைத் தொட்டதா இல்லையா என்று வாக்குவாதம் வரும். அதைத் தீர்க்கத்தான் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்தார். 2002இல் ஹெட்ரிக் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்க்கப்பட்டன.

அடுத்த பெரிய மாற்றம் 1983இல் வந்தது. டேவ் டுனிபேஸ் தட்டின் தடித்த வட்ட விளிம்பைச் சீவிச் சரிவாக்கினார். காற்றின் தடை குறைந்தது, தொலைவு கூடியது. இன்று ஆட்டக்காரர்கள் எறியும் தொலைதூரத் தட்டுகள் எல்லாம் அந்தச் சீவிய விளிம்பின் வழித்தோன்றல்கள்தான். அவர் பங்கேற்றுத் தொடங்கிய இன்னோவா நிறுவனத்தின் நிறுவனர்களில் இன்னொருவர் ஹெரால்ட் டுவால். வின்த்ராப் ஏரிக்கரையைப் போட்டி மைதானமாக ஆக்கியதில் அவர் பங்கு பெரிது. தட்டைச் செய்தவர்களே மைதானத்தையும் வடிவமைத்ததால் தட்டின் எல்லா இயல்புகளையும் சோதிக்கும் இடமாக அது அமைந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஆய்வாளர்களும் இந்தத் தட்டை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடவில்லை. எரியொளிக் குண்டுகளை வானத்தில் நெடுநேரம் மிதக்கவைக்கச் சுழலும் தட்டு வடிவம் உதவுமா என்று அமெரிக்கக் கடற்படை 1960களின் இறுதியில் ஆராய்ந்தது. சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனில் 2005இல் இறங்கிய ஹாய்கன்ஸ் கலத்துக்காகப் பணியாற்றிய ரால்ஃப் லோரன்ஸ், ஃப்ரிஸ்பீயில் சிறிய உணரிகளைப் பொருத்தி எறிந்து அதன் ஆட்ட அசைவுகளைப் பதிவுசெய்தார். ஹாய்கன்ஸும் சுழன்றபடியே இறங்கிய கலம்தான்.

சரி, ஏரிக்கு வருவோம். நிலத்தின் மேல் வீசும் காற்றை மரமும் புதரும் கட்டடமும் தடுத்துத் தடுத்து மெதுவாக்கும். தண்ணீர்ப்பரப்பு வழவழப்பானது, காற்றுக்கு அங்கே தடை மிகக் குறைவு. எறியும் இடம் மரங்களின் மறைவில் இருந்தால், ஆட்டக்காரர் உடலில் காற்று படவே படாது. ஏரிக்கு மேல் போனதும் தட்டின் மீது காற்று முழு வேகத்தில் மோதும். அதனால்தான் அனுபவசாலிகள் தம் சட்டை ஆடுகிறதா என்று பார்ப்பதில்லை. தண்ணீரின் மேல் ஓடும் சிற்றலைகளைப் பார்க்கிறார்கள், எதிர்க்கரை மரத்தின் உச்சி இலைகளைப் பார்க்கிறார்கள்.

எதிர்க்காற்று மணிக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் எறிந்த தட்டு காற்றைப் பொறுத்தவரை 120 கி.மீ. வேகத்தில் போகிறது, காற்று விசை 1.44 மடங்காகிறது. நிதானமான நாளில் சற்றே வலம் சாய்ந்து திரும்பும் தட்டு, இந்தக் காற்றில் வலப்பக்கமே புரண்டு தண்ணீருக்குள் போய்விடும். பின்காற்று அதே 20 கி.மீ. என்றால் விசை 0.64 மடங்காகக் குறைகிறது. தட்டு சீக்கிரமே இறங்கி, சீக்கிரமே இடப்பக்கம் வளைந்துவிடும். எதிர்க்காற்றில் வலச்சாய்வு இல்லாத பிடிவாதமான தட்டையும், பின்காற்றில் எளிதில் சாயும் தட்டையும் ஆட்டக்காரர் பையிலிருந்து எடுப்பதற்கு இதுதான் காரணம். பக்கவாட்டுக் காற்றில் இன்னொரு கணக்கு: சாய்ந்த தட்டின் அடிப்பக்கம் காற்றுக்குத் தெரிந்தால் அது மேலே தூக்கி ஒதுக்கும், மேற்பக்கம் தெரிந்தால் தரையை நோக்கி அமுக்கும். சாதகமான காற்றின் துணை எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று: 2016இல் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் எறிந்த தட்டு 338 மீட்டர் போனது.

வின்த்ராப்பின் 13ஆவது கூடை 888 அடி தள்ளி இருக்கிறது, சுமார் 270 மீட்டர். அந்த எண்ணாலேயே ரசிகர்கள் அதை அழைக்கிறார்கள். கயிறுகளுக்கு இடையே தொலைவையும் நேர்த்தியையும் ஒருசேரக் கேட்கும் இடம்.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரருக்கு அவை தடை, நிழல், வழிகாட்டி எல்லாமும்தான். ஆனால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் 175 கிராம் பிளாஸ்டிக் அதே மரத்தில் மீண்டும் மீண்டும் மோதினால் பட்டை உரியும். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உணவுப் பாதை இருக்கிறது. பலரும் மிதிக்கும் பாதையில் மண் இறுகிப்போகும். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும், வேர்களுக்குக் காற்றும் நீரும் குறையும். பொறுப்பாகப் பராமரிக்கும் இடங்களில் மரச்சீவல்களைப் பரப்பி மண்ணைக் காக்கிறார்கள், கூடைகளை அவ்வப்போது இடம் மாற்றி நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். வளாகத்தில் இப்படி ஒரு மைதானம் அமைக்க நினைக்கும் எந்தக் கல்லூரியும் கூடைகளுக்கான பணத்தோடு இந்த வேலைக்கான ஆட்களையும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். நிலத்தைச் சமப்படுத்தாமல், மரத்தை வெட்டாமல், மருந்தடித்த புல் வளர்க்காமல் ஆடக்கூடிய விளையாட்டு இது. அந்த நல்ல குணத்தைக் கவனக்குறைவால் இழந்துவிடக் கூடாது.

கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் ஆட்டம் மாறிவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் எறிபவர் தட்டை விட்ட பின் நிலை தடுமாறி முன்னே கால் வைக்கக் கூடாது. தொலைவு எறியும்போது தட்டில் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 67 ஜூல்; இங்கே ஐந்தாறு ஜூல்தான். அந்தச் சிறிய ஆற்றலைச் சங்கிலிகள் வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக அசையக்கூடியது என்பதால் தட்டின் வேகம் பல கண்ணிகளுக்குப் பங்கிடப்பட்டு, ஊசலாட்டமாகவும் உராய்வாகவும் கலகலவென்ற ஒலியாகவும் கரைந்துபோகிறது. தட்டு துள்ளித் திரும்பாமல் கூடைக்குள் விழுகிறது. கடினமான பலகையாக இருந்திருந்தால் எகிறி வெளியே போயிருக்கும். அளவுக்கு மீறிய வேகத்தில் வந்தால் சங்கிலிகளை விலக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடுவதும் உண்டு.

வின்த்ராப்பில் அதிகம் பேசப்படுவது 17ஆவது கூடை. தூரம் வெறும் 75 மீட்டரை ஒட்டியதுதான். இங்கே வருகிறவர்களில் பலர் அதைவிட வெகு தொலைவு எளிதாக எறிவார்கள். ஆனால் கூடை நிற்கும் புல்திட்டைச் சுற்றி வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருக்கும். தட்டு அந்தத் திட்டுக்குள் விழுந்து அங்கேயே நிற்க வேண்டும். வெளியே போனால் தண்டம். தாழ்வாக, வேகமாக எறிந்தால் காற்று அதை அதிகம் அலைக்கழிக்க நேரமிருக்காது. ஆனால் தட்டையாகத் தரையைத் தொட்டுச் சறுக்கி, மறுபக்க எல்லையைத் தாண்டிவிடும். உயரமாக, மெதுவாக எறிந்தால் செங்குத்தாக இறங்கி விழுந்த இடத்தில் நிற்கும். ஆனால் வேகம் தளர்ந்த அந்த இறங்கு பொழுதில்தான் காற்று அதை நினைத்த பக்கம் தள்ளும். பலரும் தேர்ந்தெடுப்பது இரண்டுக்கும் நடுவிலான வழி: வேக எண் சிறியதான, சறுக்காத தட்டை எடுத்து, கிளம்பும்போதே இடப்பக்கம் சாய்த்து, ஓரளவு உயரமாக அனுப்புகிறார்கள். சாய்ந்த விளிம்பு முதலில் மண்ணைத் தொடும்போது வேகத்தின் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடுகிறது. காற்று திடீரென்று கூடினால் எத்தனை மீட்டர் வலப்புறம் தள்ளி எறிவது என்பதை எறியும் இடத்தில் நின்றபடி அவர்கள் அந்தக் கணத்தில் முடிவுசெய்கிறார்கள்.